'பாதிக்கப்பட்டோர்' பட்டியலும் பதியூவின் அறவியலும்

எங்கள் சேரியில் வீடுகள் எரிக்கப்பட்ட மூன்றாம் நாள் ஓர் உண்மை அறியும் குழு வந்தது. நல்லவங்கதான். சாப்பாடுகூட வேண்டாம்னு சொல்லிட்டு, வெயில்ல நின்னு ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுதிக்கிட்டாங்க. கூட வந்த போட்டோக்காரர் என் சின்னம்மாவைக் கூப்பிட்டு எரிந்த வீட்டு வாசப்படியில் உட்காரச் சொன்னார். சின்னம்மா அன்னைக்குக் காலையிலதான் தலைக்குக் குளித்து, யாரோ கொடுத்த நல்ல சேலையைக் கட்டிப் பொட்டு வைத்திருந்தது. "நேத்து கட்டியிருந்த சேலை இருக்காம்மா?" என்று கேட்டார் போட்டோக்காரர். சின்னம்மா அவரை ஒரு பார்வை பார்த்தது. "எரிஞ்சது வீடுதாங்க, நான் எரியல" என்றது. பிறகு உட்காராமலே, யார் யார் எந்தப் பக்கமிருந்து வந்தாங்க, எந்தத் தோப்பில் பெட்ரோல் கேன் இருந்தது, போன வருசம் கூலிக்கு நின்னதிலிருந்து எப்படிக் கறுவிக்கிட்டு இருந்தாங்க என்று ஒன்றுவிடாமல் சொன்னது.

அறிக்கை அச்சாகி வந்ததும் ஆவலாய்ப் புரட்டினேன். 'பாதிக்கப்பட்டோர்' பட்டியலில் சின்னம்மா பதினோராவது பெயர். இழப்பு: கூரைவீடு ஒன்று, ஆடு இரண்டு, அண்டா குண்டான்கள். கூலிக்கு நின்ற கதை எங்கேயும் இல்லை. அட்டையில் வேறு ஒரு கிழவி, கிழிந்த சேலையோடு, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு.

அந்தக் குழுவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த அறிக்கை இல்லாமல் போயிருந்தால் வழக்கே பதிவாகியிருக்காது. ஆனால் பிரெஞ்சுத் தத்துவவாதி அலென் பதியூவின் 'அறவியல்' என்கிற சின்னப் புத்தகத்தைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சேலைதான். எந்தத் தத்துவத்தையும் நம் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படி நிறுத்திப் பார்த்ததில் இந்த மனிதரிடம் நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. சண்டை போட இரண்டு மூன்று இருக்கிறது.

பதியூ 1937இல் மொரோக்கோவின் ரபாத்தில் பிறந்தவர். அப்பா நாஜி எதிர்ப்பில் இருந்தவர், பிறகு துலூஸ் நகர மேயர். மகன் கணிதம் படித்தவர், அல்தூசரின் வட்டத்தில் இருந்தவர். 1968 மே கலகம் ஆளைப் புரட்டிப்போட, மாவோயிஸ்டாகி சிறிய கட்சி ஒன்றைக் கட்டினார். 1988இல் 'இருத்தலும் நிகழ்வும்' என்ற தடித்த புத்தகம். பாதி கணிதம், கணக் கோட்பாடு. நம்மில் பலருக்கு ஏழாம் வகுப்போடு நின்றுபோன சமாச்சாரம். அதன் சாரத்தைப் பிழிந்து, மாணவர்களுக்கான ஒரு நூல் வரிசைக்காக 1993 கோடையில் வேகவேகமாக எழுதியதுதான் 'அறவியல்'. பீட்டர் ஹால்வர்ட் 2001இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த பிறகே நம் பக்கம் எட்டிப் பார்த்தது.

எழுதப்பட்ட காலத்தைக் கவனிக்க வேண்டும். 1970களின் இறுதியில் பாரிசில் 'புதிய தத்துவவாதிகள்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. க்ளூக்ஸ்மன் போன்றவர்கள், நேற்றுவரை மாவோ படத்தை மாட்டியிருந்தவர்கள், சோவியத் வதைமுகாம்களைக் காட்டி 'புரட்சி என்றாலே கொலைதான்' என்று தொலைக்காட்சியில் அழுதார்கள். இனி மாற்றம் வேண்டாம், தீமையைத் தடுத்தால் போதும். அதற்கு மனித உரிமை, அதற்கு ஒரு அறவியல். 1989இல் பெர்லின் சுவர் விழுந்ததும் இதுவே எல்லா அரசுகளின் பாஷையாகிவிட்டது. குண்டு போடுவதும் மனிதாபிமானம், அரிசி மூட்டை போடுவதும் மனிதாபிமானம். இந்தப் பேச்சின் மேல்தான் பதியூ பாய்கிறார்.

அவர் கேட்பது எளிய கேள்வி. இந்த அறவியல் மனுசனை என்னவாகப் பார்க்கிறது? அடிபடக்கூடிய உடம்பாக. ஒரு பக்கம் அடிபடுகிறவன், இன்னொரு பக்கம் அதைப் பார்த்து இரங்கி ஓடிவருகிறவன். டிவியில் ரத்தம் ஒழுக நிற்பவன் எப்போதும் கறுப்பன், இரங்குகிறவன் எப்போதும் வெள்ளைக்காரன். மனுசனை 'பாதிக்கப்படுபவன்' என்று வரையறுத்துவிட்டால் அவனிடம் யோசனை இருக்கும், திட்டம் இருக்கும், எதிராளியைப் பற்றிய கணிப்பு இருக்கும் என்பதெல்லாம் அறிக்கையிலிருந்து விழுந்துவிடும். சோவியத் முகாமில் கிடந்த வர்லாம் ஷலாமோவின் கதைகளை இதற்கு எதிராக முன்வைக்கிறார். வதைபடுகிறவன் தான் வெறும் வதைபடுகிற உடம்பு மட்டுமில்லை என்று பிடிவாதம் பிடிப்பதில்தான் மனிதனே தொடங்குகிறான் என்கிறார். சின்னம்மா இதைப் படித்ததில்லை. சேலையை மாற்ற மறுத்தது.

நாம் நேர்மையாய் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இது போட்டோக்காரர்களுக்கு மட்டும் உறைக்க வேண்டிய விஷயம் இல்லை. நம் பத்திரிகைகளுக்கே உறைக்க வேண்டும். இதழுக்கு இதழ் வாக்குமூலம் போடுகிறோம். மலம் தின்ன வைத்தது, நிர்வாணமாய் நடத்தியது, சுடுகாட்டுக்கு வழி மறித்தது. போடத்தான் வேண்டும். ஆனால் ஒரு வாக்குமூலத்தை நாங்கள் செப்பனிடும்போது எதை வெட்டுகிறோம்? 'இடம் இல்லை' என்று கூலி வழக்கையும் பங்காளிச் சண்டையையும் வெட்டிவிட்டு, காயத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம். நானே வெட்டியிருக்கிறேன். காயத்துக்குத்தான் வாசகர் கடிதம் வரும். கோபால் குரு 2002இல் ஒரு கட்டுரையில், இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு எழுத ஒரு கூட்டம், அனுபவத்தை எடுத்துக்கொடுக்க ஒரு கூட்டம் என்று வர்ணப் பாகுபாடு நடப்பதைப் போட்டு உடைத்தார். அவங்க யோசிப்பாங்க, நாம அழணும். அந்தப் பாகுபாட்டை நம் பக்கங்களுக்குள்ளேயே நாம் நடத்திக்கொண்டிருந்தால் அதற்கு யாரைத் திட்டுவது?

அடுத்து அவர் கைவைப்பது 'மற்றமை' மேல். இங்கே நமக்கே கொஞ்சம் வலிக்கும். 1990களில் நாம் இந்தச் சொல்லை எப்படித் தூக்கிக்கொண்டு திரிந்தோம்! பெருங்கதையாடல் ஒழிக, வித்தியாசங்கள் வாழ்க என்று சிறுபத்திரிகைகளில் மை காயாமல் எழுதினோம். வர்க்கம் என்ற ஒரே குச்சியால் எல்லாவற்றையும் அளந்த கட்சித் தோழர்களுக்கு எதிராக அன்றைக்கு அது தேவையாக இருந்தது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் இம்மானுவேல் லெவினாஸ். பிறனுடைய முகத்தின் முன்னால் நான் கடன்பட்டு நிற்கிறேன் என்றவர். பதியூவின் பதில்: லெவினாசிடம் அந்தப் பிறனுக்குப் பின்னால் கடவுள் இருக்கிறார், கடவுளை எடுத்துவிட்டு 'பிறனை மதி' என்று மட்டும் சொன்னால் அது வெறும் உபதேசம். வித்தியாசம் என்பது உலகத்தில் எங்கும் கொட்டிக் கிடக்கிறது, எனக்கும் எனக்குமே வித்தியாசம் உண்டு, அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? கஷ்டமான காரியம் 'சமம்' என்பதை உண்டாக்குவது. அதோடு, வித்தியாசத்தை மதிக்கிறோம் என்று பேசுகிற பெரிய மனிதர்கள் தங்களைப் போலவே நடந்துகொள்கிற பிறனைத்தான் மதிக்கிறார்கள் என்று ஒரு குத்து.

சாதிச் சமூகத்தில் இருந்து படிக்கிறவனுக்கு இந்த இடம் சட்டென்று விளங்கும். உலகத்திலேயே வித்தியாசத்தைப் பேணிப் போற்றி வளர்த்த ஏற்பாடு என்றால் அது வர்ண தர்மம்தான். அவனவனுக்கு அவனவன் தொழில், அவனவன் தெரு, அவனவன் சுடுகாடு. 'ஒவ்வொரு சமூகத்துக்கும் அதன் தனித்தன்மை' என்று சங்கராச்சாரிகள் பேசுவதும் வித்தியாசத்தின் பாஷைதான். நாம் வித்தியாசம் என்று கொண்டாடியதும் அவர்கள் வித்தியாசம் என்று காப்பாற்றியதும் எங்கே பிரிகிறது என்பதை நாம் சரியாகச் சொல்லாமலே விட்டுவிட்டோம். அந்தக் கடன் பாக்கி இருக்கிறது.

சரி, அவர் என்னதான் சொல்கிறார்? ஒரு சூழலில் எது கணக்கில் வரும், எது வராது என்று ஓர் எண்ணிக்கை நடந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கில் வராத ஒன்று கிளம்பி வருவது 'நிகழ்வு'. வந்த வேகத்தில் போய்விடும். நடந்ததற்கு அத்தாட்சிச் சீட்டு எந்தத் தாலுகா ஆபீசிலும் கிடைக்காது. 'நடந்தது' என்று தீர்மானித்து, அதற்கப்புறம் உலகத்தில் ஒவ்வொன்றையும் அதை வைத்தே உரசிப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்தப் போக்கில் கொஞ்சங் கொஞ்சமாகத் திரள்வதுதான் 'உண்மை'. அப்படிப் போகிறவனே 'தன்னிலை' ஆகிறான். அதற்கு முன்னால் அவன் தன் பாட்டைப் பார்க்கும் 'மனித விலங்கு' மட்டுமே. அறம் என்பது பத்துக் கட்டளை இல்லை, தொடர்ந்து போ என்கிற ஒரே சொல்தான். அரசியல், அறிவியல், கலை, காதல் என்று நாலு இடத்தில் இது நடக்கும் என்கிறார். உதாரணங்கள் 1792இன் பிரெஞ்சுப் புரட்சி, கலிலியோவின் இயற்பியல், ஹைடனின் இசை, அபெலார் எலுவாஸ் காதல். சீனக் கலாசாரப் புரட்சியைத் தவிர்த்தால் உண்மை எல்லாம் ஐரோப்பாவில்தான் சம்பவித்திருக்கிறது. காதல் உட்பட!

காதலை அவர் தனித் தாழ்வாரமாக வைப்பதே இங்கே நிற்காது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டார். அதற்குப் பின் கௌசல்யா பெற்ற அப்பா அம்மாவுக்கு எதிராகவே கோர்ட்டில் நின்றார். அதைக் காதல் என்று எழுதுவதா, அரசியல் என்று எழுதுவதா? இரண்டையும் பிரிக்கிற சுவர் சாதி இல்லாத ஊரில் இருக்கலாம்.

மொழிபெயர்ப்பு பற்றி இங்கே ஒரு வார்த்தை. நிகழ்வைப் பற்றிக்கொண்டு நிற்பதற்கு பதியூ போடும் சொல்லை 'விசுவாசம்' என்று தமிழில் எழுதுகிறார்கள். தோழர்களே, அந்தச் சொல் வேண்டாம். பண்ணையில் விசுவாசம் என்பது என்ன என்று நம் தாத்தாமார்களைக் கேளுங்கள். சாணிப்பாலும் சவுக்கும் விசுவாசத்துக்காகத்தான். ஆண்டையிடம் இருந்தது விசுவாசம், அதை முறிச்சிக்கிட்டு வந்த பிறகு இருப்பது வேறே. நான் 'விடாப்பிடி' என்று போடுகிறேன். கொச்சை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

கணக்கு பற்றி அவர் சொல்வது நமக்கு விளக்கவுரை இல்லாமலே புரியும். ஒரு கூட்டம் சூழலில் இருக்கிறது, மொத்தமாக ஒன்று என்று எண்ணப்படுகிறது, ஆனால் அதற்குள் இருக்கிற ஒருத்தர்கூட அங்கே எண்ணப்படுவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில்தான் நிகழ்வு கிளம்ப முடியும் என்கிறார். முறையான தாள்கள் இல்லாமல் பிரான்சில் உழைக்கும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களை மனதில் வைத்து அவர் இதைப் பேசுகிறார். அவர்களோடு அவருடைய அமைப்பு வருசக்கணக்கில் வேலை செய்தது. 1996 ஆகஸ்டில் பாரிசின் சேன் பெர்னார் சர்ச்சுக்குள் தங்கியிருந்த அப்படிப்பட்டவர்களைப் போலீஸ் கதவைக் கோடரியால் பிளந்து இழுத்துப்போனது. நம் ஊரில் இதற்குப் பெயர் சேரி. ஊர்க் கூட்டத்தில் 'சேரிக்காரங்க' என்று ஒரு சொல்லில் எண்ணப்படுவோம். அதற்குள் முனியம்மா யார், அந்தோணி யார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. தப்பட்டை அடிக்க எத்தனை ஆள் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இவ்வளவு தூரம் கூட வந்தவர் இனி நம்மோடு முட்டிக்கொள்கிறார். மகத் குளத்தை எடுத்துக்கொள்வோம். பம்பாய் சட்டசபையில் 1923இல் போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுக் குளங்களையும் கிணறுகளையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. மகத் நகராட்சியும் 1924இல் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. தாளில் குளம் திறந்தே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் கூட வந்தவர்களும் ஊர்வலமாய்ப் போய் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி அடித்து மண்டையை உடைத்தார்கள். பிறகு சாணி, மூத்திரம், பால், தயிர் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' பண்ணினார்கள். நிகழ்வு என்பதற்கு இதைவிட ஒரு உதாரணம் பதியூவின் புத்தகத்திலேயே கிடையாது.

அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மகத்தில் மறுபடி கூடியபோது அம்பேத்கர் பேசிய பேச்சை எடுத்துப் படியுங்கள். அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்தால் நாம் ஒன்றும் சாகாவரம் பெறப் போவதில்லை, இத்தனை நாள் குடிக்காமல் நாம் செத்தும் போகவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே போகிறோம் என்ற அர்த்தத்தில் பேசுகிறார். பதியூவோ, உண்மையைப் பற்றிக்கொண்ட மனிதனைச் 'சாகாதவன்' என்கிறார். மனித விலங்கு சாகும், தன்னிலை சாகாது என்று அவருக்கு ஒரு பிரிவினை. இருவரும் ஒரே சொல்லைத் தொடுகிறார்கள். ஆனால் அம்பேத்கர் சாகாவரத்தைக் கிண்டலாகத் தள்ளிவிட்டு, 'மனிதர்' என்ற சாதாரணச் சொல்லில் வந்து நிற்கிறார். ஏன்? நமக்கு அந்தச் சாதாரணச் சொல்லே மறுக்கப்பட்டிருந்தது. அதே குளத்தில் ஆடு மாடு குடித்தது, நாய் குடித்தது, வேற்று மதத்தார் குடித்தார்கள். பதியூவின் விலங்கு எல்லோருக்கும் பொதுவான அடிமட்டம். எல்லோரும் அங்கிருந்து கிளம்புவதாக அவர் எடுத்துக்கொள்கிறார். மகத்தில் விலங்குக்குக் கீழே ஒரு படி இருந்தது. அந்தப் படியை இயற்கை போடவில்லை, சாஸ்திரம் எழுதிப் போட்டது. தண்ணீர் தாகம் வெறும் விலங்குச் சமாச்சாரம், உண்மை அதற்கு மேலே என்று பிரிக்கிற தத்துவத்தால், தாகமே உண்மையின் இடமாகிப் போன குளத்தங்கரையை எப்படிப் பார்க்க முடியும்?

இன்னொன்று. அதே டிசம்பர் பேச்சில் அம்பேத்கர் மகத் மாநாட்டை 1789இல் வெர்சாய்யில் கூடிய பிரெஞ்சு தேசிய சபையோடு ஒப்பிடுகிறார். அந்தச் சபைதான் மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. மகத் மாநாடும் பிறப்பால் எல்லோரும் சமம் என்று உரிமைப் பிரகடனம் போட்டது. மனுஸ்மிருதியை எரித்தது. எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பார்ப்பனர். உண்மை எல்லோரையும் நோக்கிப் பேசும் என்று பதியூ சொல்வதற்கு அவரே அத்தாட்சி. ஆக பதியூவின் தேசத்துப் புரட்சியையே எடுத்துத்தான் அம்பேத்கர் பேசுகிறார். ஆனால் பதியூ அந்தப் புரட்சியை இரண்டாக உடைக்கிறார். கலகம் என்பது நிகழ்வு, அது வேண்டும். உரிமை என்பது பாதிக்கப்பட்டவனின் சித்தாந்தம், அது வேண்டாம். அம்பேத்கர் இரண்டையும் ஒரே கையில் பிடித்திருந்தார். சாதி இந்துக்கள் கோர்ட்டில் தடை வாங்கியதும் இரண்டாம் முறை குளத்தில் இறங்கவில்லை, வழக்கை நடத்தினார். 1937 மார்ச்சில் பம்பாய் ஹைகோர்ட் நம் பக்கம் தீர்ப்புச் சொல்லும்வரை பத்து வருசம். சாட்சி, ஆவணம், வக்கீல், வாய்தா. விடாப்பிடி என்றால் இதுவும்தான்.

1993இல் பாரிசில் உரிமை என்ற சொல் மேலிருந்து கீழே இறங்கியது. குண்டுவீச்சு விமானத்தில் வந்தது. நம்மிடம் அது கீழே இருந்து ஏறியது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. மகத்தில் தண்ணீர் குடித்த அதே தேதி, வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ. ஏப்ரல் 2 பந்தில் வடக்கே தலித்துகள் தெருவுக்கு வந்து உயிரைக் கொடுத்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மீட்டது. இதை 'அரசின் பாஷை' என்று ஒதுக்கிவிட நமக்கு வசதி பத்தாது.

புத்தகத்தின் கடைசிப் பகுதி தீமையைப் பற்றியது. தலைப்பில் இருப்பதும் அதுதான். தீமை என்பது உண்மை கெட்டுப்போவதால் வருவது என்கிறார். மூன்று வகை. ஒன்று போலி நிகழ்வு: நாஜிகள் 'புரட்சி' என்றார்கள், ஆனால் அது ஜெர்மானியனுக்கு மட்டுமானது, எல்லோருக்கும் ஆனதில்லை. இரண்டு துரோகம்: விடாப்பிடியாய் இருந்தவன் 'சீ, அதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம்' என்று விட்டுவிடுவது. மூன்று பேரழிவு: உண்மையின் அதிகாரம் முழுமையானது என்று எல்லாவற்றின் மேலும் அதை ஏற்றிவிடுவது. சுயநலத்தையே அடியோடு ஒழிப்போம் என்று கிளம்பிய செங்காவலர்களை இதற்கு உதாரணம் காட்டுகிறார். நல்ல வகைப்பாடு, நமக்கும் உதவும். ஆனால் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் நுழைந்த பிறகு, 1979 ஜனவரியில், போல்பாட் ஆட்சிக்கு ஆதரவாக 'லெ மாந்த்' பத்திரிகையில் இதே பதியூ கட்டுரை எழுதினார். பேரழிவுக்கு இலக்கணம் எழுதியவர் பேரழிவு கண்முன்னே நடந்தபோது அதைப் பார்க்கவில்லை. இதைச் சொல்லாமல் அவரைத் தமிழில் அறிமுகம் செய்வது யோக்கியமில்லை.

என்னுடைய பெரிய சண்டை அந்த மூன்று வகைக்குள் எது வரவில்லை என்பதில். தனிக்குவளை எதில் வரும்? அது போலி நிகழ்வு இல்லை. துரோகம் இல்லை. பேரழிவும் இல்லை. எந்த உண்மையும் கெட்டுப்போய் அது வரவில்லை. காலையில் டீக்கடை திறந்ததும் கண்ணாடி டம்ளர் அங்கே, நமக்குரியது இங்கே. எந்த ஆவேசமும் இல்லை. டீ போடுகிறவர் சிரித்துக்கொண்டே குசலம் விசாரிப்பார். பதியூவின் கணக்கில் இது நன்மை தீமைக்குக் கீழே கிடக்கிற விலங்கு வாழ்க்கையின் வழக்கம், அவ்வளவுதான். ஆயிரம் வருசத்துக்கு மேல் ஒரு நிகழ்வும் இல்லாமல், குரலை உயர்த்தாமல் நடந்துகொண்டிருக்கிற ஒன்றைத் தீமை என்று சொல்ல அந்தப் புத்தகத்தில் இடமில்லை. யாராவது கலகம் செய்தால்தான் தீமை தெரியும் என்றால், கலகம் செய்யாமல் செத்துப்போன நம் பாட்டன் பூட்டன் பட்ட பாடு என்ன?

கீழவெண்மணியை வேண்டுமானால் அவருடைய கணக்குக்குள் கொண்டுவரலாம். 2006இல் வந்த 'உலகங்களின் தர்க்கங்கள்' நூலில் ஸ்பார்ட்டகஸ் கலகத்தை வைத்து அவர் தன் பேச்சைச் சரிசெய்கிறார். கலகக்காரன் மட்டும் தன்னிலை இல்லை. 'எதுக்கு வம்பு, இருக்கிறது போதும்' என்று ஒதுங்குகிற அடிமையும், கலகத்தின் தடமே இருக்கக் கூடாது என்று அழிக்கிறவனும்கூட அந்த நிகழ்வால் உண்டான தன்னிலைகளே என்கிறார். ஆயிரத்தெண்ணூறு வருசம் கழித்து ஹெய்ட்டியில் துசேன் லூவெர்த்யூரைக் 'கறுப்பு ஸ்பார்ட்டகஸ்' என்றார்கள், செத்துப்போன உண்மை இப்படி இன்னொரு உலகத்தில் எழுந்துவரும் என்பது அவருடைய நல்ல பக்கங்களில் ஒன்று. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரை எரித்தவர்கள் அந்த அழிக்கிற வகை. கூலி உயர்வு, சங்கம், செங்கொடி என்று ஒன்று நடந்ததால்தான் எரித்தார்கள். மனுஸ்மிருதி எரிந்த அதே தேதி. இது விளங்குகிறது. தனிக்குவளை இன்னும் விளங்கவில்லை.

அப்புறம் அந்த 'தொடர்ந்து போ'. பேரழிவு வரை போய்விடாதே, அடக்கமாய்ப் போ என்று அவரும் சேர்த்தே சொல்கிறார். இருந்தாலும் யார் செலவில் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மேலவளவு பஞ்சாயத்து 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும் மிரட்டி வேட்புமனுக்களை வாபஸ் வாங்க வைத்தார்கள், ஓட்டுப்பெட்டியைத் தூக்கினார்கள். கடைசியில் தலைவராகத் தேர்வான முருகேசனால் பஞ்சாயத்து ஆபீசுக்குள் போய் உட்கார முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டினார்கள். முருகேசன் விடவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருசம், 2006 வரை, யாராலும் தலைவராக நிற்க முடியவில்லை, நின்றாலும் உட்கார முடியவில்லை. மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனவனை பதியூவின் இரண்டாம் வகையில் 'துரோகி' என்று எழுதுவதா? எனக்குக் கை வரவில்லை. வீட்டில் பொண்டாட்டி பிள்ளைகள், கையில் ஒரு வேலை கிடையாது, போலீஸ் அந்தப் பக்கம். விடாப்பிடிக்கு ஆகிற செலவை ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு, அவன் கட்ட முடியாமல் போனதும் அறம் பேசுவதற்குத் தத்துவம் வேண்டியதில்லை. முருகேசனோடு ஊரும் இயக்கமும் எவ்வளவு தூரம் போனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியாக, எல்லோருக்குமானது என்ற விஷயம். போன மாதம் வாசிப்பு வட்டத்தில் இந்தப் புத்தகத்தைப் பேசினோம். உட்சாதிப் பெருமை பேசும் சங்கங்களைப் போலி நிகழ்வு என்று சொல்லலாமா என்று பேச்சு போனது. எனக்கு அது சரியாகப் பட்டது. 'தலித்' என்ற பெயர் எல்லோரையும் பார்த்துப் பேசிய பெயர். அது போய் ஆண்ட பரம்பரை பேசுவதில் எந்த உண்மையும் இல்லை என்றேன். அப்படியே பேச்சு உள்ஒதுக்கீட்டுக்குத் திரும்பியது. 2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் தனியே கொடுத்த சட்டம், 2024 ஆகஸ்ட் 1 அன்று அப்படி உட்பிரிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்ற ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பு. ஒரு தோழர், பதியூவையே துணைக்கு அழைத்து, 'வித்தியாசம் பேசினா உண்மை சிதறிடும்' என்றார். அதுவரை பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்த அருந்ததியத் தோழர், கல்லூரி இரண்டாம் வருசம் படிக்கிற பையன், கேட்டான்: "எல்லாருக்குமானதுன்னு முதல்ல சொல்றவரு யாரு அண்ணே? அவரு எந்தத் தெருவுல குடியிருக்காரு?"

யாரும் பதில் சொல்லவில்லை. மணி ஒன்பதாகிவிட்டது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்தார்கள். அடுத்த கூட்டத்தை அந்தப் பையன் நடத்துவது என்று முடிவானது.